ரோடு வரைக்கும்

என் கடை வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது. சிவப்புப் பெயின்ட்டில் நானே எழுதியது. 'டெலிவரி ரோடு வரைக்கும் மட்டும்.' கொடைக்கானல் பஜாரில் இருபத்திரண்டு வருஷமாக சிமெண்டு, கம்பி, பைப்பு, பெயின்ட் விற்கிறேன். இந்த மலையில் வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு வீடு ஓரிடத்தில் இருக்கும், ரோடு வேறிடத்தில் இருக்கும். லாரி ரோட்டோரம் நிற்கும், மூட்டைகளை இறக்கும், திரும்பிப் போய்விடும். அதற்கப்புறம் அந்த மூட்டை யார் தலையில் ஏறுகிறது, எந்தக் குதிரையின் முதுகில் இறங்குகிறது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

பெயர் சம்சுல் ஆலம். பஜாரில் ஆலம் பாய் என்றால்தான் தெரியும். வீடு கட்டப் போகிறவர்கள் எஸ்டிமேட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் கடைக்கால் தோண்டுவார்கள். நானும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, இதில் முப்பது பர்சென்ட் கூட்டிக்கொள்ளுங்கள் என்பேன். அவர்கள் முகம் வாடும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று யாராவது பெருமூச்சு விட்டால், கணக்குப் போட்டுச் செய்தால் ரெண்டுமே சுலபம்தான் என்று உபதேசம் வேறு. என் கல்யாணக் கணக்கை முழுக்க என் மாமனார்தான் போட்டார் என்பதை அங்கே சொல்வதில்லை.

அப்பேர்ப்பட்ட நான் ஐம்பத்து நான்காவது வயதில் சொந்தமாக வீடு கட்டப் புறப்பட்டேன். அதற்குக் காரணம் என் மனைவி சபுராவின் முழங்கால்கள்.

நாங்கள் குடியிருந்தது கடைக்கு மேல் மாடியில், வாடகை வீடு. இருபத்தொரு படி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். சபுராவின் மூட்டு ரெண்டும் தேய்ந்துபோய், இனிமேல் படி ஏறி இறங்கக் கூடாது என்று வத்தலக்குண்டு டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு ஜுரம் வரும். அதனால் மாடியிலேயே இருந்தாள். காய்கறிக்காரர் வந்தால் ஜன்னல் வழியாகக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். காசு கூடையில் கீழே போகும், கத்திரிக்காய் கூடையில் மேலே வரும். மூன்று வருஷமாக அவளுக்கு ஊர்க்காரர்களின் உச்சந்தலைதான் தெரியும். பஜாரில் யாருக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது என்று அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு முன்னால் சபுராவுக்குத் தெரிந்துவிடும்.

அதைச் சொல்லி நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். ஒரு நாள் சிரிக்கவில்லை. பீரோவிலிருந்து நகைப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே எட்டுப் பவுன் வளையல். மகள் கல்யாணத்தின் போதுகூடக் கைவைக்காமல் வைத்திருந்தது.

"இதை வித்துக்கங்க. பெரிய வீடு வேண்டாம். நானே கதவைத் தொறந்து, நானே ரோட்டுக்குப் போயி, நானே திரும்பி வரணும். எனக்கு அம்புட்டுத்தாங்க வேணும்."

நான் மார்பில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். அவள் கேட்டது மூன்று விஷயம். அதில் முதல் விஷயத்தை மட்டும்தான் நான் கேட்டுக்கொண்டேன் என்பது பின்னால்தான் எனக்கே விளங்கியது.

ஜூன் மாதம் சீசன் முடிந்து மழை பிடித்ததும் நான் எஸ்டிமேட் போட உட்கார்ந்தேன். நீள நோட்டு, ரெண்டு கலர் பேனா. சதுர அடிக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்லும் எஞ்சினியர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் ஆணியை எண்ணிப் போடுகிறவன். எழுநூறு சதுர அடிக்குப் பதினாலாயிரம் செங்கல். கதவுக்கு எத்தனை கீல், கீலுக்கு எத்தனை திருகு. குரங்கு வந்து தண்ணீர் தொட்டி மூடியைத் தூக்கிப் போடும், அதைக் கட்டி வைக்கக் கம்பி. கடைக்கால் போடுகிற அன்றைக்கு டீ, வடை அறுநூற்றைம்பது. கொத்தனார் முத்துராஜ் திருஷ்டிப் பூசணிக்காய் கேட்பார், அதற்கு எண்பது. அதற்கப்புறம் சிவப்புப் பேனாவில் ஒரு வரி எழுதி ரெண்டு கோடு இழுத்தேன்: 'படிக்கட்டு இல்லை. மிச்சம் இருபத்திரண்டாயிரம்.' வாசல்படிகூடக் கிடையாது. தரை அப்படியே வழுக்கினாற்போல் வெளியே போகும். கழிப்பறையில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி.

மொத்தம் பதினேழு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். கடைசியில் அந்த அறுநூற்றைம்பது அப்படியே நிற்பதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு வடையைக்கூட விடவில்லை. இதற்கு மேல் ஒரு ரூபாய் போனால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று பஜார் முழுக்கச் சொல்லி வைத்தேன். மற்றவர்களுக்கு முப்பது பர்சென்ட் கூட்டச் சொல்கிறவன், எனக்கு எல்லாம் கொள்முதல் விலைதானே என்று பத்து பர்சென்ட் குறைத்துக்கொண்டேன்.

இடம் பேத்துப்பாறைக்குப் போகிற வழியில். பன்னிரண்டு சென்ட். ரோட்டை ஒட்டி மூன்று சென்ட் நல்ல சமதளம். அதற்குப் பின்னால் நிலம் சரேலென்று இறங்கி, கீழே ஒரு அகலமான மேடையாக விரிந்து நிற்கும். அந்த மேடையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மழை கழுவி விட்ட காலையில் சமவெளிக் கண்மாய்கள்கூடத் தெரியும். கீழ் மேடையில் வீட்டைக் கட்டுவதென்று முடிவு செய்தேன். ரோட்டிலிருந்து அங்கே போக மண்ணில் வெட்டிய படி நூற்றுப் பன்னிரண்டு. ஆனால் புரோக்கர், அடுத்த மார்ச்சுக்குள் பஞ்சாயத்திலிருந்து கீழே வரைக்கும் ரோடு வெட்டிவிடுவார்கள் என்றார். இந்த மலையில் 'ரோடு வருது' என்பது எவ்வளவு பழைய பேச்சு என்று எனக்குத் தெரியாதா? அதை நம்பி ஏமாந்தவர்களை என் கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்தவன் நான். ஆனால் அதையே நமக்கென்று ஒருவர் சொல்லும்போது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

மேலே சமதளம் இருக்கும்போது எதற்குக் கீழே போனாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். என் நோட்டில் இடது பக்கம் செலவு என்றால் வலது பக்கம் வரவு. கொடைக்கானலில் ஒரு கட்டிலும் ஒரு ஹீட்டரும் வைத்திருப்பவன் எல்லாம் ஹோம்ஸ்டே நடத்துகிறான். நான் மட்டும் என்ன தொக்கா? ரோட்டோரச் சமதளத்தில் பிற்பாடு ரெண்டு ரூம் காட்டேஜ் போட்டால் வாரக் கடைசிக்கு இவ்வளவு, சீசனுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'கெஸ்ட் இறங்கி நடக்க மாட்டார்கள். ஆகவே சமதளம் அவசியம்.' முகம் தெரியாத யாரோ பெங்களூர்க்காரரின் முழங்காலைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறேன்.

சபுராவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு இடத்தைக் காட்ட அழைத்துப் போனேன். மாடியிலிருந்து அவளை இறக்கவே கால் மணி நேரம் ஆனது. வேனில் போய் ரோட்டோரம் நிறுத்தினால், எதிரே வெள்ளையாக ஒரு சுவர். பனி. வேனின் முன்சக்கரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. வந்தது வந்துவிட்டோம் என்று, அவளை வேனிலேயே உட்கார வைத்துவிட்டு, நான் கீழே இறங்கிப் போய் நின்றுகொண்டு, இதுதான் சமையற்கட்டு, இதுதான் உன் ஜன்னல், இதுதான் கட்டில் போடுகிற இடம் என்று கத்தினேன். மேலேயிருந்து, சரிங்க, சரிங்க என்று குரல் வந்தது. திரும்பி ஏறி வந்து சேர்ந்தபோது பேச்சு வரவில்லை. இறக்கம் ரொம்பவோ என்று கேட்டாள். சின்ன இறக்கம்தான், அடுத்த மார்ச்சில் ரோடு வந்துவிடும், வேன் வாசலில் போய் நிற்கும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவள் என்னை நம்பினாள். முப்பது வருஷமாக என்னை நம்பி வந்தவள் அந்த நிமிஷத்தில் மட்டும் நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம் இருந்தது?

வேலை ஆரம்பித்தது. முதல் காரியமாக ரோட்டோரச் சமதளத்தில், சரக்கு நனையாமல் இருக்க ஒரு தகர ஷெட் போட்டேன். முதல் லோடு செங்கல் வந்தது. லாரி டிரைவர் ரோட்டிலேயே இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். கீழே கொண்டுபோக ஏதாவது ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. போர்டு நீங்கள் எழுதினதுதானே என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றைக்குத்தான் பொன்னுவேலை முதன்முதலாகப் பார்த்தேன். பேத்துப்பாறைக்காரர், நாற்பது வயது இருக்கும். மூன்று குதிரை வைத்துச் சுமை இறக்குகிறார். அதில் மூத்ததற்கு வெள்ளச்சி என்று பெயர், ஆனால் அது பழுப்பு நிறம். அவர் செங்கல் குவியலைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், ஒரு பீடி பற்ற வைத்தார். குதிரை ஒரு தடவை சுமையோடு போய் வந்தால் ஒரு நடை. ஒரு நடைக்கு முப்பது செங்கல், அல்லது ரெண்டு மூட்டை சிமெண்டு. நடைக்கு நூற்றிருபது ரூபாய். நான் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். செங்கல், சிமெண்டு, மணல், ஜல்லி எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூறு நடைக்கு மேல் வந்தது. ரெண்டு லட்சத்தை ஒட்டிய தொகை. ஒரு வடையைக்கூட விடாத எஸ்டிமேட்டில் இது ஒரு வரிகூட இல்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இப்போது சுமைகூலிக்காரர் முன்னால் நின்று நூறு ரூபாய்க்கு வாருங்கள் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பொன்னுவேல் கோபப்படவில்லை.

"நீங்க ரோட்டோட எறக்கிட்டுப் போயிருவீக, பாய். அதுக்கு அங்கிட்டுத்தான எங்க சோலியே இருக்கு. இருவது வருசமா உங்க கடைச் சரக்கத்தான் சொமக்குறேன். நீங்க என்னையப் பாத்ததில்ல, நான் உங்க போர்ட தெனமும் பாக்குறேன்."

அதற்கப்புறம் நூற்றிருபதுக்கே ஒத்துக்கொண்டேன். நோட்டில் 'குதிரை நடை' என்று புதிதாக ஒரு தலைப்புப் போட்டு, செங்கலுக்கு இத்தனை, சிமெண்டுக்கு இத்தனை, மணலுக்கு இத்தனை என்று பிரித்து எழுதினேன். விட்டுப்போனதைச் சேர்த்தாகிவிட்டது, இனி ஒன்றும் விடுபடாது என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. மீசைக்கு மட்டும் கொஞ்ச நாள் தவணை கொடுத்தேன்.

கீழே கடைக்கால் தோண்டி, கருங்கல் கட்டி, பேஸ்மட்டம் எழும்பியது. நாலாயிரம் செங்கல் இறங்கிவிட்டது. மார்ச் வந்தது. ரோடு வரவில்லை. புரோக்கருக்குப் போன் போட்டால், அவர் இப்போது வேறு மலையில் இடம் விற்றுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நிலை வைக்கிற நாள் வந்தது. தலைவாசல் மரச்சட்டத்தை நிறுத்துவதற்கு முத்துராஜ் ஒரு முறை வைத்திருக்கிறார். யார் வீடாக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், நிலையை நிமிர்த்தும்போது வீட்டுக்காரம்மா கைதான் முதலில் அதில் பட வேண்டும். வீட்டுக்காரர் கையெல்லாம் செல்லாது. சபுரா கொஞ்சம் முடியாதவள், நானே தொட்டுவிடுகிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். அப்படியானால் வேறு கொத்தனாரைப் பாருங்கள் என்று அவர் மட்டக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லை. பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது, அதற்குள் வைக்க வேண்டும் என்று முத்துராஜ் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே சபுராவை அழைத்து வந்தேன். நல்ல புடவை கட்டி, பேரீச்சம்பழமும் சர்க்கரையும் தட்டில் எடுத்து வந்திருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். என்றைக்கும் இருக்கிற பனி அன்றைக்குப் பார்த்து இல்லை. பளிச்சென்று வெயில்.

வேனிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஷெட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்து விளிம்பில் நின்றாள். கீழே பார்த்தாள். வேலையாட்கள் விரல் அளவுக்குத் தெரிந்தார்கள். நாலு பேர் அரை மணி நேரம் சுமந்து இறக்கிய வேங்கை மர நிலை பேஸ்மட்டத்தின் மேல் படுத்திருந்தது. மண்படிகள் வளைந்து வளைந்து இறங்கின. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.

நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கீழே போய்விட்டால் அப்புறம் ஒரு படிகூடக் கிடையாது என்று சொன்னேன்.

அப்போது பொன்னுவேல் வெள்ளச்சியைக் கையில் பிடித்தபடி வந்தார். குதிரை முதுகில் புதுக் கம்பளி ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருந்தார். கழுத்துக் கயிற்றைக்கூடக் கழுவியிருந்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அவராகவே யோசித்திருக்கிறார்.

"அக்கா, பயப்படாதீக. வெள்ளச்சி சாது. மெதுவா ஒக்காந்துக்கங்க, நான் கயித்தப் புடிச்சு முன்னால போறேன். ஒரு நடைதான். இதுக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

சபுரா குதிரையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். அவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் பேசினாள்.

"இன்னைக்கு நீங்க எறக்கிருவீங்க, தம்பி. நாளைக்குப் பால் வாங்க நான் எப்படி மேல வருவேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வெள்ளச்சியைப் பார்த்தேன். அது ஒன்றுதான் அங்கே என்னை முறைக்காமல் இருந்தது.

சபுரா ஷெட்டுக்குள் போய் ஒரு சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். நோட்டைக் கேட்டாள். அது எப்போதும் என் கக்கத்திலேயே இருக்கும். வாங்கிப் புரட்டினாள். சிவப்புக் கோடு போட்ட பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். குதிரை நடை எழுதிய பக்கத்துக்கு வந்ததும் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"செங்கலுக்கு எத்தனை நடைன்னு எழுதியிருக்கீங்க. மணலுக்கு எழுதியிருக்கீங்க. ஜல்லிக்கு எழுதியிருக்கீங்க. என்னைய எங்கங்க எழுதியிருக்கீங்க?"

இருபத்திரண்டு வருஷமாக யார் என்ன கேட்டாலும் கல்லாவில் உட்கார்ந்தபடியே பதில் சொல்லிப் பழகினவன். அன்றைக்கு அவள் விரல் நின்ற வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். வரவுப் பக்கம். கெஸ்ட் இறங்கி நடக்க மாட்டார்கள் என்ற என் குறிப்பைப் படித்தாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"வருசத்துல ரெண்டு மாசம் வர்றவுகளுக்குச் சமதளம். எனக்குப் பள்ளம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். ஒரு விலையைப் படித்துச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயசில் ஒரு ஆள் தன் பெண்டாட்டி முன்னால், குதிரைக்காரர் முன்னால், தான் விற்ற சிமெண்டு மூட்டைகளின் முன்னால் இவ்வளவு வெட்கப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாடியில் மூன்று வருஷம் கூடையை இறக்கினவளைக் கொண்டுபோய், கூடையை ஏற்ற வேண்டிய பள்ளத்தில் வைக்கப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவளுடைய வளையலையே விற்றிருக்கிறேன்.

விளிம்புக்குப் போனேன். கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்தினேன்.

"முத்துராஜ், நிலையை மேல கொண்டாங்க."

கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று முத்துராஜின் குரல் வந்தது. அளவெல்லாம் சரி, இடம்தான் தப்பு என்றேன். நான் சொன்னதை அவர் ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் அவர் தன் ஆட்களிடம் சொன்னது என் காதில் விழவில்லை. விழாதது நல்லதுதான்.

நாலு பேர் அந்த நிலையைத் தூக்கிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி வந்தார்கள். பொன்னுவேல் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தார். மேலே வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. முத்துராஜ் ஷெட்டுக்கு முன்னால் சமதளத்தில், சுவரும் இல்லாமல் பேஸ்மட்டமும் இல்லாமல், ரெண்டு பக்கமும் கருங்கல்லை அண்டக் கொடுத்து நிலையை நிமிர்த்தினார். நிமிர்த்துகிறபோது சபுராவைக் கூப்பிட்டார். அவள் எழுந்து, யார் தோளையும் பிடிக்காமல் ஐந்தாறு எட்டு நடந்து வந்து, மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நான் ஃபாத்திஹா ஓதினேன். முத்துராஜ் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். எஸ்டிமேட்டில் எண்பது ரூபாய் என்று எழுதியிருந்தேன். காய் நூற்று இருபது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பஜாரில் இன்னும் விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிளானைத் திருத்தி மறுபடி அனுமதி வாங்க நாலு மாசம் போனது. எழுநூறு சதுர அடி நானூற்று அறுபதாகச் சுருங்கியது. கீழே இறங்கிய நாலாயிரம் செங்கலும் மேலே ஏற வேண்டியிருந்தது. ஏற்றத்துக்கு நடைக்கு நூற்றெண்பது என்றார் பொன்னுவேல். இந்தத் தடவை பேரம் பேசவில்லை. நூற்று முப்பத்து நாலு நடை. கொடைக்கானல் பார்க்க வந்து கீழே இறங்கி வியூ பார்த்துவிட்டுத் திரும்பி ஏறிய செங்கல்கள் உலகத்தில் என்னுடையவை மட்டும்தான் என்று எதிர்க்கடை டீக்காரர் எல்லாரிடமும் சொல்கிறார். மீசையை எடுத்துவிட்டேன். மேலுதடு குளிர்கிறது. மொத்தச் செலவு எவ்வளவு ஆனது என்று கேட்காதீர்கள். காட்டேஜ் வரவுப் பக்கத்தைக் கிழித்ததில், அதன் பின்பக்கம் எழுதியிருந்த மொத்தமும் சேர்ந்து போய்விட்டது.

கீழே அந்தப் பேஸ்மட்டம் அப்படியே கிடக்கிறது. எல்லாரும் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியட்டும் என்று வீடு கட்டுவார்கள். நான் ஜன்னலைத் திறந்தால் என் எஸ்டிமேட் தெரிகிறது. கருங்கல்லில், எழுநூறு சதுர அடியில்.

குடிவந்த மறுநாள் காலையில் நான் உள்ளே குழாயில் ஒழுகுகிற வாஷரை மாற்றிக்கொண்டிருந்தேன். என் கடைச் சரக்குதான். வெளியே காய்கறி வேன் ஹாரன் அடித்தது. பழக்கதோஷத்தில், கூடை வேண்டுமா என்று கேட்டேன். எட்டிப் பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. சபுரா ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். வேன்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பீன்ஸைத் தாண்டி, அவர் மகள் படிப்பு, அவர் அம்மாவின் சர்க்கரை என்று எங்கெங்கோ போனது. அவரும் பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிப்பதைக்கூடக் கவனிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்து, மெதுவாக, கையில் பையோடு, தானே உள்ளே வந்தாள். அரைக் கிலோ பீன்ஸ். என்ன விலை என்று கேட்டேன். சொன்னாள். பஜாரைவிடப் பத்து ரூபாய் கூட.

"தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். எழுதிக்கங்க," என்றாள்.

நோட்டு அலமாரியில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவள் கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்க ஆரம்பித்தாள்.